சுத்தமான அறிக்கை

ரத்தப் பரிசோதனை அறிக்கையின் வலது ஓரத்தில் ‘இயல்பு வரம்பு’ என்று ஒரு பத்தி இருக்கும். அந்தப் பத்தியோடு எனக்குச் சில காலமாகவே பிணக்கு. அது பொய் சொல்கிறது என்று சொல்லமாட்டேன். வேறு யாருக்கோ பொருந்தும் உண்மையை என் தம்பியிடம் சொல்லிவிட்டுப் போகிறது, அவ்வளவுதான். தம்பிக்குப் பிறந்ததிலிருந்தே அரிவாள் செல் நோய்; ரத்தத்தின் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து ரத்தக் குழாய்களை அடைக்கும் பரம்பரை நோய் அது. இந்த நோயோடு வாழும் வீடுகளுக்கு வலி, ரத்தம் ஏற்றுவது, காய்ச்சல் கண்டால் மருத்துவமனைக்கு ஓடுவது இதெல்லாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனால் அதே வீடுகளில் சிறுநீரகத்தைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. அது பழுதாகும்போது வலிக்காது. வலியே நோயாக இருக்கும் வீட்டில், வலிக்காத உறுப்பை யார் விசாரிக்கப் போகிறார்கள்?

விசாரித்தாலும் பதில் தயாராக இருக்கும்: “கிரியேட்டினின் நன்றாக இருக்கிறது.” (சிறுநீரகம் ரத்தத்திலிருந்து நீக்கவேண்டிய ஒரு கழிவு அது; சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் அதன் அளவு ஏறும் என்பது கணக்கு.) எங்களுக்கும் பல வருடங்களாக இந்தப் பதில்தான் கிடைத்தது. சொன்னவர்கள் கெட்டிக்கார மருத்துவர்கள். அக்கறை இல்லாதவர்கள் என்றும் சொல்ல முடியாது. பதிலும் தன்னளவில் சரியானதே. அந்தச் சரியான பதில் இந்த நோயில் எப்படி ஆளை ஏமாற்றுகிறது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

ராத்திரித் தண்ணீர்

சிறு வயதில் தம்பி படுக்கையை நனைப்பான். பத்து வயது தாண்டியும் நிற்கவில்லை. இருட்டிய பிறகு தண்ணீர் கொடுக்கக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்கவேண்டும், உடம்பில் நீர் வற்றினால் வலி வந்துவிடும் என்பது ரத்தநோய் மருத்துவரின் உத்தரவு. இரண்டுக்கும் நடுவில் அம்மா. நள்ளிரவில் அவனை எழுப்பித் தூக்கக் கலக்கத்தோடு கழிப்பறைக்கு நடத்திப் போவாள். விடியுமுன் இன்னொரு முறை. அப்பாவுக்குத் தெரியாமல் அவன் தலைமாட்டில் ஒரு செம்புத் தண்ணீரும் வைப்பாள். பையன் வளர்ந்தான், நனைப்பது நின்றது. ராத்திரியில் எழுந்து எழுந்து போவது மட்டும் நிற்கவே இல்லை. நிறையக் குடிக்கிறான், நிறையப் போகிறான் என்று உறவினர்கள் காரணம் சொல்வார்கள்.

உண்மையில் காரணம் எதிர்த்திசையில் ஓடுகிறது. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் திறன் அவன் சிறுநீரகத்துக்கு இல்லை, அதனால் போகிறான். போவதால் தாகம் எடுக்கிறது, குடிக்கிறான். சிறுநீரகத்தின் உட்பகுதியை மெடுல்லா என்பார்கள். அங்கே ரத்தம் மெதுவாகத்தான் ஓடும். ஆக்ஸிஜன் குறைவு, அமிலத்தன்மை கூடுதல், உப்புச் செறிவோ உடம்பில் வேறெங்கும் இல்லாத அளவுக்கு அதிகம். சிவப்பணுவிலிருந்து நீர் வெளியேறி உள்ளே ஹீமோகுளோபின் நெருக்கமாகிறது. சிவப்பணுவை அரிவாளாக வளைத்துக் காட்ட வேண்டும் என்று ஒருவர் ஆய்வகத்தில் உட்கார்ந்து யோசித்தால், இந்த நிலைமைகளைத்தான் வரிசையாக எழுதுவார். ஒவ்வொருவர் உடம்பிலும் அந்த இடம் அப்படியேதான் இருக்கிறது. அரிவாள் செல் உள்ளவருக்கு மட்டும் அது பகையாகிவிடுகிறது. அங்குள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் ஒவ்வொன்றாக அடைபட, சிறுநீரைச் செறிவாக்கும் வேலை நின்றுபோகிறது. ஆரோக்கியமான சிறுநீரகம் தேவைப்பட்டால் சிறுநீரை ஏறக்குறைய 1,200 மில்லிஆஸ்மோல் (கரைந்திருக்கும் பொருட்களின் செறிவைச் சொல்லும் அலகு) வரை செறிவாக்கும். இவர்களுக்கு 400, 450 என்ற அளவிலேயே நின்றுவிடும். சிறு குழந்தைகளுக்கு ரத்தம் ஏற்றினால் இந்தத் திறன் திரும்புவதுண்டு. பதின்வயதுக்குள் அந்த வாய்ப்பும் போய்விடுகிறது.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1910-இல் சிகாகோவில் ஜேம்ஸ் ஹெரிக் என்ற மருத்துவர், கிரெனடா தீவிலிருந்து பல் மருத்துவம் படிக்க வந்த ஓர் இளைஞரின் ரத்தத்தில் அரிவாள் வடிவச் செல்கள் தெரிந்ததை முதன்முதலாக எழுதினார். அந்த முதல் குறிப்பிலேயே, சிறுநீர் அதிகமாகவும் அடர்த்தி குறைவாகவும் போவது பதிவாகியிருக்கிறது. நோயின் வரலாறு தொடங்கும் அதே தாளில் சிறுநீரகமும் இருக்கிறது. நூறு வருடத்துக்கு மேலாகியும், படுக்கையை நனைக்கும் பிள்ளைக்குத் திட்டுதான் கிடைக்கிறது. இது சிறுநீரகம் கொடுக்கும் முதல் குறிப்பு என்று பெற்றோரிடம் சொல்லி அனுப்பும் மருத்துவமனைகள் குறைவு. (இதைக் கேட்டபோது அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான், “அன்றைக்கே சொன்னேனே” என்றாள். அவள் அப்படி எதுவும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.)

அண்ணன் சட்டை

செறிவாக்கும் திறன் உள்ளே ஒடுங்கிக்கொண்டிருக்கும் அதே காலத்தில், வெளிப்பகுதியில் இருக்கும் வடிகட்டிகள் வரம்பு மீறி உழைத்துக்கொண்டிருக்கும். ரத்தசோகையை ஈடுகட்ட இதயம் அதிக ரத்தத்தைத் தள்ளுகிறது. சிறுநீரகமும் தன் குழாய்களை விரித்துக்கொண்டு அதிக ரத்தத்தை வாங்கிக்கொள்கிறது. கைக்குழந்தைப் பருவத்திலேயே வடிகட்டும் வேகம் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வேகம் கூடுதல் என்றால் நல்லதுதானே என்று தோன்றும். வருடக்கணக்காக அந்த அழுத்தத்தில் ஓடும் வடிகட்டிகள் வீங்கி, தழும்பேறி, இறுகிப்போகின்றன. சிதையும் சிவப்பணுக்களிலிருந்து கசியும் ஹீமோகுளோபின் வேறு சிறுநீரகத்தைத் தாக்குகிறது. பிறகு வேகம் இறங்கத் தொடங்குகிறது. மிக உயரத்தில் இருந்து இறங்குவதால், பாதி வழியில் அது எல்லோருக்கும் உரிய அளவைக் கடந்துதான் ஆகவேண்டும். அந்த நேரத்தில் ரத்தம் எடுத்தால் அறிக்கை அப்பழுக்கில்லாமல் வரும்.

கிரியேட்டினின் இதை இன்னும் மறைக்கிறது. அது தசையிலிருந்து வரும் கழிவு. இந்த நோயில் உடம்பு பெரும்பாலும் மெலிந்தே இருப்பதால் ஆரம்பத்திலேயே உற்பத்தி குறைவு. போதாததற்கு, வடிகட்டியைத் தவிர சிறுநீரக நுண்குழல்களும் கிரியேட்டினினை வெளியே தள்ளும். சாதாரணமாக அது சிறு பங்கு, அரிவாள் செல் நோயில் அந்தப் பங்கு கூடிவிடுகிறது. ஆக, வடிகட்டி பழுதானாலும் ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறாமல் இருக்க இரண்டு வழி இருக்கிறது. இப்படிப்பட்ட ஒருவரின் எண்ணை, தசை நிறைந்த ஆரோக்கியமான ஆண்களிடம் எடுத்த 0.7 முதல் 1.3 என்ற வரம்பில் வைத்துப் பார்ப்பது, அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போட்டுவிட்டு ‘எங்கேயும் பிடிக்கவில்லை, உடம்பு போடவில்லை’ என்று முடிவுகட்டுவது போல. சட்டை எப்படிப் பிடிக்கும்?

இதில் இன்னொரு கொடுமையும் சேர்ந்திருந்தது. கிரியேட்டினினிலிருந்து வடிகட்டும் வேகத்தைக் கணக்கிட 2009-இல் வந்த சூத்திரம், கறுப்பினத்தவர் என்றால் விடையை 1.159-ஆல் பெருக்கச் சொன்னது. உலகில் இந்த நோயை அதிகம் சுமப்பவர்கள் ஆப்பிரிக்க வம்சாவளியினர். ஏற்கெனவே பொய்யாக உயர்ந்து நிற்கும் எண்ணை, அவர்களுக்கென்றே மேலும் உயர்த்திக் காட்டிய சூத்திரம் அது. 2021-இல் வந்த திருத்தத்தில்தான் இனத்தை வைத்துப் பெருக்குவது நீக்கப்பட்டது. இடைப்பட்ட வருடங்களில் ‘சிறுநீரகம் பிரமாதம்’ என்று அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேரோ.

ஒரு வெள்ளைத்தாள்

கடந்த ஆண்டு ரத்தநோய் மருத்துவர் தம்பியை ஒரு சிறுநீரக மருத்துவரிடம் அனுப்பினார். ஹீமோகுளோபின் காரணமில்லாமல் இறங்கியிருந்தது. ரத்தம் ஊறத் தூண்டும் ஹார்மோனைச் சிறுநீரகம்தான் சுரக்கிறது, எதற்கும் பார்த்துவிடலாம் என்றார். நான் கோப்பைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். நடுவயதுப் பெண் மருத்துவர். கடைசி அறிக்கையைப் பார்ப்பார், நன்றாக இருக்கிறது என்பார், கிளம்பலாம் என்றுதான் இருவரும் உட்கார்ந்திருந்தோம். அவர் கடைசி அறிக்கையைத் தொடவே இல்லை. கோப்பை அடியிலிருந்து புரட்டத் தொடங்கினார். மேசையில் ஒரு வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு, வயதையும் அதற்குக் கீழே கிரியேட்டினின் அளவையும் எழுதிக்கொண்டே வந்தார். 9 வயதில் 0.3. 15-இல் 0.4. 21-இல் 0.5. 25-இல் 0.6. இப்போது, 28-இல், 0.8. எழுதி முடித்ததும் தாளை எங்கள் பக்கம் திருப்பினார்.

“21 வயது அறிக்கையில் 0.5-க்குப் பக்கத்தில் என்ன குறி இருக்கிறது, பாருங்கள்.”

‘குறைவு’ என்று கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி இருந்தது. 25-இலும் இருந்தது. 28-இல் இல்லை.

“குறி போனால் நல்லதுதானே அக்கா?” என்று தம்பி என்னைப் பார்த்துக் கேட்டான். பதிலை அவர்தான் சொன்னார். “எடை அதேதான் இருக்கிறது, தசை கூடவில்லை. அப்படியிருக்க 0.5 என்பது 0.8 ஆனால், வடிகட்டும் வேலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிருக்கலாம் தம்பி. இத்தனை வருடத்தில் உங்கள் அறிக்கை முதல்முறையாகச் சுத்தமாக வந்திருக்கிறது. அதனால்தான் யோசிக்கிறேன்.”

எனக்குச் சட்டென்று கோபம்தான் வந்தது. யார் மீது என்று தெரியவில்லை. ஒவ்வொரு எண்ணையும் ஒவ்வொருவர் பார்த்திருக்கிறார், ஒவ்வொருவரும் அந்தந்த நாளுக்குச் சரியாகத்தான் படித்திருக்கிறார். வடிகட்டும் வேகம் என்ற வரியில் ஒவ்வொரு முறையும் ‘90-க்கு மேல்’ என்று மட்டுமே அச்சாகியிருந்தது; 150-லிருந்து 120-க்கு வந்தாலும் அந்த வரி மாறாது. எண்களை ஒரே தாளில் எழுதிப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்கு இயந்திரம் வேண்டாம், புது மருந்து வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். அந்த மனிதரை ஊராரோடு ஒப்பிடாமல் அவரோடேயே ஒப்பிட வேண்டும் என்ற எண்ணம் மட்டும் வேண்டும்.

அன்றே அவர் சிஸ்டாட்டின் சி என்ற பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார். உடம்பில் உட்கரு உள்ள எல்லாச் செல்களும் வெளியிடும் சிறு புரதம் அது. தசையை அவ்வளவாகச் சார்ந்திருக்காது, நுண்குழல் வழியாகத் தப்பியும் போகாது. அழற்சி, தைராய்டு கோளாறு, ஸ்டீராய்டு மருந்து இவற்றால் அளவு மாறும் என்ற குறை அதற்கும் உண்டு. ஒரே நாள், ஒரே கை, ஒரே ஊசி. கிரியேட்டினின் கணக்கில் வடிகட்டும் வேகம் 124. சிஸ்டாட்டின் கணக்கில் 83. எது உண்மை என்று கேட்டேன். துல்லியமாகத் தெரிய அயோஹெக்சால் போன்ற மருந்தைச் செலுத்தி, அது ரத்தத்திலிருந்து நீங்கும் வேகத்தை அளக்கவேண்டும், இப்போதைக்கு 83-ஐ நம்பி நடப்போம் என்றார்.

நிறம் மாறாத பட்டை

சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்த்ததே இல்லையா என்று கேட்பீர்கள். பார்த்தார்கள். கோப்பில் எங்கு புரட்டினாலும் ‘ஆல்புமின்: இல்லை’ என்று இருக்கிறது. ஆல்புமின் என்பது ரத்தத்திலுள்ள ஒரு புரதம். அது சிறுநீரில் பட்டையை நனைத்து நிறம் பார்க்கும் சோதனை. அந்தப் பட்டை பெரும்பாலும் லிட்டருக்கு 150 முதல் 300 மில்லிகிராம் ஆல்புமின் இருந்தால்தான் நிறம் மாறும். ஆரம்பக் கசிவு அதற்குக் கீழேயே ஓடும்.

இங்கேதான் இந்த நோயின் குயுக்தி தெரிகிறது. சிறுநீரக மருத்துவர் பட்டையை விட்டுவிட்டு, ஆல்புமினுக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதத்தை அளக்கச் சொன்னார். ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குள் ஆல்புமின் இருக்கவேண்டும்; தம்பிக்கு 210. ஆனால் அவன் சிறுநீர் தண்ணீர் போல இருப்பதால், அதே மாதிரியில் லிட்டருக்கு 84 மில்லிகிராம் ஆல்புமின்தான் இருந்தது. பட்டைக்கு அது தெரியாது. இதே 210 விகிதக் கசிவு, சிறுநீரைச் செறிவாக்கத் தெரிந்த ஒருவருக்கு இருந்திருந்தால், காலைச் சிறுநீரில் 300-ஐத் தாண்டியிருக்கும். பட்டை பச்சையாகக் காட்டிக்கொடுத்திருக்கும். முதலில் கெட்ட உட்பகுதி, அடுத்துக் கெடும் வடிகட்டியின் கசிவைத் தண்ணீர் கலந்து மறைத்துவிடுகிறது. விகிதம் பார்த்தால் இந்தக் கலப்படம் கழிந்துபோகும். அதே குப்பி, அதே சிறுநீர். பரிசோதனைச் சீட்டில் இன்னொரு வரி, அவ்வளவுதான்.

அமெரிக்கத் தேசிய இதய, நுரையீரல், ரத்த ஆய்வு நிறுவனத்தின் நிபுணர் குழு 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இந்த நோயுள்ளவர்களுக்கு 10 வயதிலிருந்து ஆண்டுதோறும் சிறுநீர்ப் புரதத்தைப் பரிசோதிக்கச் சொல்கிறது. கைக்குழந்தையிலேயே வடிகட்டி அதிகமாக ஓடத் தொடங்குகிறது என்றால் 10 வயதுவரை எதற்குக் காத்திருக்கவேண்டும் என்பது என் கேள்வி. அதற்கு முன்பே கசிவு தொடங்கிய பிள்ளைகள் உண்டு. கிம்-1 (KIM-1), என்கால் (NGAL) என்று சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் புதுப்புதுச் சிறுநீர்க் குறியீடுகளைப் பற்றிய ஆய்வுகள் நிறைய வருகின்றன. வரட்டும். ஆனால் ஏற்கெனவே கையிலிருக்கும் விகிதப் பரிசோதனையே பல பேரின் சீட்டில் இல்லாதபோது, அவற்றைப் பற்றி எனக்குப் பெரிய ஆர்வம் எழவில்லை.

இவ்வளவு அடித்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. நோயாளிகளை 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1991-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அரிவாள் செல் அனீமியா என்ற கடுமையான வகை உள்ளவர்களில் 4.2 சதவீதத்தினருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. அப்போது அவர்களின் நடுமதிப்பு வயது 23. டயாலிசிஸ் இருந்தும் அதன் பிறகு அவர்களில் பாதிப்பேர் நான்கு வருடத்துக்கு மேல் தாங்கவில்லை. அன்று பலர் சிறுநீரகம் கெடும் வயதுவரை இருக்கவே இல்லை என்பதையும் சேர்த்துப் படிக்கவேண்டும். இப்போது ஆயுள் கூடியிருக்கிறது, அந்த வயதைத் தாண்டி வருபவர்கள் அதிகம்.

மருந்து இல்லாமல் இல்லை. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் எனலாபிரில், இந்த நோயில் சிறுநீர்ப் புரதத்தைக் குறைக்கிறது என்று 1992-இலேயே காட்டிவிட்டார்கள். ஆல்புமின் கசிவு இருந்தால் இந்த வகை மருந்தையோ லோசார்டன் வகையையோ கொடுக்கலாம் என்று அமெரிக்க ரத்தவியல் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. செயலிழப்பையே தடுக்குமா என்பதற்கான சான்று இன்னும் வலுவாக இல்லை என்பதையும் மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார். தம்பிக்கு லோசார்டன் ஆரம்பித்தார்கள். 126/80 என்ற அவன் ரத்த அழுத்தத்தை அதுவரை எல்லோரும் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த நோயுள்ளவர்களுக்கு இயல்பே அதைவிடக் குறைவு என்பதால் இவர் அதையும் பாராட்டவில்லை. விகிதம் 210-லிருந்து 120-க்கு இறங்கியது. இந்த மருந்தின் பக்கவிளைவாக ரத்தத்தில் பொட்டாசியம் 5.2-க்கு ஏறியது, உடனே மருந்தின் அளவைப் பாதியாக்கினார்கள். பெண்களாக இருந்தால் கருத்தரிக்கும் எண்ணம் உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் இந்த மருந்தைத் தொடவேண்டும்.

உண்மையான சண்டை வலி மாத்திரையில்தான். இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகை வலிநிவாரணிகள் சிறுநீரகத்துக்கு ரத்தம் போவதைக் குறைக்கும், அவற்றைத் தொடாதே என்கிறார் சிறுநீரக மருத்துவர். வலி என்று போய் விழும் அவசரப் பிரிவில் முதல் ஊசியே அதுதான். “வலி வந்தால் என்னால் சிறுநீரகத்தை நினைத்துப் பார்க்க முடியாது அக்கா” என்கிறான் தம்பி. அவனிடம் இதற்கு மேல் வாதாட நான் யார்? ஒரு சிறிய அட்டையில் எந்த மருந்துகள் கூடாது, எவை ஆகும் என்று மருத்துவரின் கையெழுத்தோடு எழுதி வாங்கி அவன் பர்ஸில் வைத்திருக்கிறோம். இதுவரை அவசரப் பிரிவில் அதைப் படித்தவர்களும் உண்டு, பர்ஸோடு திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு.

விகிதம் பார்க்கக் காலை முதல் சிறுநீர் வேண்டும். இளவயதில் எழுந்து நடமாடினாலே சிலருக்கு ஆல்புமின் கொஞ்சம் கூடும் என்பதால் இந்த நிபந்தனை. “ராத்திரி மூன்று முறை எழுந்து போகிறேன், அதில் எது முதல்?” என்று பரிசோதனைக்கூடத்தில் கேட்டிருக்கிறான். அங்கிருந்த பெண் சிரித்துவிட்டு உள்ளே போய் விசாரித்து வந்து, கடைசியாகப் படுக்கையை விட்டு எழும்போது போவதைப் பிடியுங்கள், ஒவ்வொரு தடவையும் அதையே செய்யுங்கள் என்றாராம். அடுத்த மாதிரி இந்த வாரம் கொடுத்திருக்க வேண்டும். திங்கட்கிழமை அவனுக்கு முதுகில் வலி தொடங்கிவிட்டது. வலியும் காய்ச்சலும் உள்ள நாளில் எடுக்கும் அளவு செல்லாது. அடங்கி இரண்டு மூன்று வாரம் போகட்டும் என்றிருக்கிறார் மருத்துவர்.